கையேந்தி பவனும் அமுதசுரபியும்

மதுரைச் சாப்பாட்டைப் பற்றி எழுதாத எழுத்தாளர் தமிழில் குறைவு. மல்லிகைப்பூ மாதிரி இட்லி, கறிதோசை, பருத்திப்பால், ஜிகர்தண்டா, ராத்திரி ஒரு மணிக்கும் அணையாத அடுப்பு என்று ஒரு பட்டியல் வரும். பட்டியலின் கடைசியில் தள்ளுவண்டிக் கடைக்கு ஒரு பாரா ஒதுக்கியிருப்பார்கள். அந்தப் பாராவில் கட்டாயம் ஒரு பாட்டி இருப்பார். அவர் கைப்பக்குவம் மணக்கும். எழுதுகிறவர் தன் கல்லூரி நாட்களை நினைத்து ஒரு பெருமூச்சு விடுவார். கட்டுரை முடிந்துவிடும்.

இந்தப் பாராக்களை முப்பது வருசமாகப் படித்து வருகிறேன். ஒன்றிலும் எங்களைக் காணோம். நாங்களும் அதே வண்டிகளில்தான் நின்றோம். கோரிப்பாளையத்தில், தல்லாகுளத்தில், பெரியாஸ்பத்திரி இருக்கிற பனகல் சாலையில், தெப்பக்குளத்துக் கரையில். 1881இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரியும், 1949இல் வந்த தியாகராசர் கல்லூரியும், 1954இல் வந்த மருத்துவக் கல்லூரியும் இந்தப் பக்கங்களில் இருக்கின்றன. கல்லூரி இருந்தால் வண்டி இருக்கும். அதே தட்டில் அதே சால்னாவை ஊற்றித்தான் நாங்களும் தின்றோம். ஆனால் நாங்கள் தின்றதும் அந்த எழுத்தாளர்கள் தின்றதும் ஒன்றில்லை. எப்படி ஒன்றில்லை என்பதைச் சொல்லத்தான் இது. தமிழில் சோற்றைப் பற்றிய எழுத்தையே கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் பேரைப் பார்ப்போம். தள்ளுவண்டிக் கடைக்கு ஊர் உலகத்தில் ஒரு கிண்டல் பேர் உண்டு, கையேந்தி பவன். 'பவன்' என்பது சைவ ஹோட்டல்காரர்கள் தங்கள் கடைப் பேருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிற சொல். அங்கே மேசை உண்டு, ஃபேன் உண்டு, உட்கார்ந்து தின்னலாம். வண்டியில் அது கிடையாது, தட்டைக் கையில் ஏந்தித்தான் தின்ன வேண்டும். அதனால் கையேந்தி. சிரிப்புக்குச் சொன்னதுதான். ஆனால் தமிழில் கையேந்துவது என்றால் பிச்சையெடுப்பது. நின்று தின்கிறவனையும் பிச்சைக்காரனையும் ஒரே சொல்லில் கட்டிப்போட்டவன் உட்கார்ந்து தின்றவனாகத்தான் இருக்க வேண்டும்.

எங்களுக்குக் கையேந்துவது சிரிப்பு கிடையாது. மேலூருக்குக் கிழக்கே என் ஊர். ஊருக்குள் போய்த் தண்ணீர் கேட்டால் செம்பைக் கையில் தரமாட்டார்கள். ரெண்டு கையையும் குவித்துக் குனிந்து நிற்கணும், மேலேயிருந்து ஊற்றுவார்கள். முழங்கை வழியாகப் பாதி ஒழுகிப் போகும். அம்மா களையெடுக்கப் போன இடத்தில் மத்தியானக் கஞ்சிக்குத் தூக்குச்சட்டியை வரப்பில் வைத்துவிட்டு ரெண்டு எட்டு தள்ளி நிற்பாள். டீக்கடையில் எங்களுக்குத் தனி கிளாஸ். குடித்து முடித்து நாங்களே கழுவிக் கவிழ்த்து வைக்கணும். காசு மட்டும் ஒரே காசுதான். அதையும் பலகையில் வைக்கணும், கையில் தரக்கூடாது. இப்படி வளர்ந்தவன் பதினேழு வயதில் டிரங்குப் பெட்டியோடு மதுரைக்கு வந்து, ஒரு சாயங்காலம் வண்டியில் ரெண்டு ரூபாயை நீட்டுகிறான். வண்டிக்கார அக்கா அந்தக் காசை அவன் கையிலிருந்து வாங்குகிறார். மீதிச் சில்லறையை அவன் உள்ளங்கையில் வைக்கிறார். "என்ன தம்பி, இட்லியா பணியாரமா?" என்கிறார். அவ்வளவுதான் நடந்தது. இதில் கதை என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது. பிச்சைக்காரப் பேர் வைத்த அந்த இடத்தில்தான் நான் முதல்முதலாகக் கையேந்தாமல் தின்றேன்.

இதை ஏன் தமிழ் இலக்கியம் எழுதவில்லை? அதற்குச் சோறு என்றால் கொடுக்கிறவனின் கைதான் கண்ணுக்குத் தெரியும், வாங்கித் தின்கிறவனின் வாய் தெரியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

மதுரையிலிருந்தே ஆரம்பிப்போம். இந்த ஊர்ச் சோற்றுக் கதைகளில் ரொம்பப் பழைய கதை மணிமேகலையில் வருகிற ஆபுத்திரன் கதை. முறைகெட்டுப் பிறந்தவன் என்று பேர் வாங்கியவன். யாகத்தில் வெட்டக் கட்டியிருந்த பசுவை அவிழ்த்துவிட்டதற்காகப் பார்ப்பனர்கள் அடித்து விரட்டுகிறார்கள், பிச்சைப் பாத்திரத்தில் கல்லைப் போடுகிறார்கள். அவன் தெற்கே மதுரைக்கு வந்து சிந்தாதேவி கோயில் அம்பலத்தில் படுத்துக் கிடந்து, வீடுவீடாகப் பிச்சை வாங்கிவந்து குருடர், செவிடர், முடவர் எல்லாரையும் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தின்கிறான். அப்போதுதான் தேவி அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியை அவன் கையில் கொடுக்கிறாள். மதுரைச் சாப்பாட்டைப் புகழ்கிறவர்கள் இந்தக் கதையை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்பது தனிக் கேள்வி. சாதிகெட்டவன் என்று துரத்தப்பட்டவன் ஊருக்கே சோறு போட்டான் என்று சொல்ல நாக்கு வராதோ என்னவோ.

அயோத்திதாசப் பண்டிதர் வழியில் வருகிற நமக்கு மணிமேகலை நம்முடைய காப்பியம். அதனாலேயே அதை நாம் கும்பிட்டுவிட்டுப் போகமுடியாது, கேள்வி கேட்கணும். அமுதசுரபிக்கு அப்புறம் என்ன நடக்கிறது? இந்திரன் வந்து வரம் வேண்டுமா என்கிறான். பசித்தவர்க்குச் சோறு போடுவதைவிடப் பெரிய வரமா உன்னிடம் இருக்கிறது என்று ஆபுத்திரன் சிரித்துவிடுகிறான். இந்திரனுக்குக் கோபம். பன்னிரண்டு வருசப் பஞ்சம் கிடந்த பாண்டிய நாட்டில் மழையைக் கொட்டுகிறான். விளைச்சல் பெருகுகிறது, பசி போகிறது, அம்பலத்துக்கு ஒரு ஆள் வருவதில்லை. ஆபுத்திரன் சோறு தின்ன ஆள் தேடி ஊர் ஊராக அலைகிறான், ஜனம் அவனைக் கேலி பண்ணுகிறது. கடைசியில் பஞ்சம் பிடித்த சாவக நாட்டுக்குக் கப்பல் ஏறி, வழியில் மணிபல்லவத் தீவில் தனியாக விடப்பட்டு, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் செத்துப்போகிறான்.

இந்த இடத்தை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். மழை பெய்து ஊர் செழிப்பது இங்கே தண்டனையாக வருகிறது. யாருக்குத் தண்டனை? கொடுக்கிறவனுக்கு. அவன் துக்கத்தைச் சாத்தனார் உருகி எழுதுகிறார். அந்த மழையில் தன் வயலில் முதல் மடை திறந்தவன், பன்னிரண்டு வருசம் அம்பலத்து வாசலில் பாத்திரத்தோடு நின்றுவிட்டு அன்றைக்குத் தன் வீட்டு அடுப்பில் தன் நெல்லைப் பொங்கித் தின்றவன் என்ன நினைத்தான் என்று ஒரு வரி இல்லை. ஆபுத்திரனைக் கேலி பண்ணிய ஜனத்தை நன்றிகெட்டவர்களாகத்தான் நமக்குக் காட்டுகிறார்கள். எனக்கு அந்தக் கேலிக்காரர்களை ரொம்பப் பிடிக்கும். 'இனி எங்களுக்கு நீ வேண்டாமய்யா' என்று சோறு போட்டவனிடம் சொல்லத் துணிந்தவர்கள்.

இரண்டாயிரம் வருசத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தாண்டி வருவோம். கல்லூரி மாணவனும் மலிவுச் சாப்பாடும் என்றதும் இன்றைக்கு யாரும் சொல்கிற கதை ஜெயமோகனின் 'சோற்றுக்கணக்கு'. 2011இல் வந்த அறம் தொகுப்பில் இருக்கிறது. திருவனந்தபுரம் சாலைப் பகுதியில் கெத்தேல் சாகிப்பின் சாப்பாட்டுக்கடை. கணக்குக் கிடையாது. வயிறு நிறையத் தின்றுவிட்டு முடிந்ததை டப்பாவில் போட்டுவிட்டுப் போகலாம், போடாமலும் போகலாம். சாகிப் திரும்பிப் பார்க்கமாட்டார். பசித்த ஏழை மாணவன் அங்கே தின்று படித்து, வேலைக்குப் போனபிறகு அந்த டப்பாவில் பணத்தைத் திணிக்கிறான். அதையும் சாகிப் திரும்பிப் பார்ப்பதில்லை.

நல்ல கதை. படித்துக் கண் கலங்காதவர் குறைவு. நானும் கலங்கினேன். அப்புறம் யோசித்தேன், இது ஆபுத்திரன் கதைதானே. மறுபடியும் கொடுக்கிற கை பெரிசாகிக்கொண்டே போகிறது, தெய்வமாகிறது, தாயாகிறது. தின்கிறவன் சின்னதாகிக்கொண்டே போகிறான். எத்தனை ஆயிரம் போட்டாலும் அவன் கடனாளி. சாகிப் அவனைப் பார்க்காததைக் கதை அருளாகக் காட்டுகிறது. ஆனால் பார்க்கப்படாமலே தின்று வளர்ந்த கூட்டத்துக்குப் பார்க்காமல் கொடுப்பது பெரிய அருளாகத் தெரியாது. எங்கள் தட்டில் போட்டவர்கள் யாருமே எங்கள் முகத்தைப் பார்த்ததில்லை. எட்டி நின்று போடுகிறவனுக்கு முகம் எதற்கு? கெத்தேல் சாகிப் அந்தச் சாதிக்காரர்களைப் போன்றவர் என்று நான் சொல்லவரவில்லை. அவர் நூறு மடங்கு பெரியவர். வாசகன் இந்தக் கதையில் எந்த இடத்தில் கண் கலங்குகிறான் என்பதுதான் என் பிரச்சினை. நிபந்தனையில்லாமல் கொடுக்கப்படுவதில் கலங்குகிறான். கொடுத்துப் பழகிய பரம்பரைக்கும் வாங்கி வெட்கப்படாத பரம்பரைக்கும் அது ஆனந்தம். கைநீட்டியே கூனிப்போன முதுகுக்குக் காசு கொடுத்து வாங்குவதுதான் ஆனந்தம்.

எங்கள் வண்டிக்கார அக்கா ஒன்றும் கெத்தேல் சாகிப் கிடையாது. அவரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது, 'அக்கவுண்ட்' என்போம். ஸ்காலர்ஷிப் எந்தக் காலத்தில் சொன்ன தேதிக்கு வந்தது? வருகிற வரைக்கும் அந்த நோட்டுதான் சோறு. எங்கள் பேர் அதுவரை எழுதப்பட்ட இடங்களை யோசித்துப் பாருங்கள். சாதிச் சான்றிதழ், உதவித்தொகை விண்ணப்பம், விடுதிப் பதிவேடு, ஆபீஸ் வாசல் பலகையில் எஸ்.சி. மாணவர் பட்டியல். எங்கே பேர் இருந்தாலும் பக்கத்தில் சாதி இருக்கும். அக்கா நோட்டில் நான் 'மேலூர் ஒல்லி'. என் அறைத்தோழன் 'நீலச்சட்டை'. இன்னொருத்தன், கள்ளர் வீட்டுப் பையன், 'கண்ணாடி'. எங்கள் மூன்று பேர் கடனும் அடுத்தடுத்த வரியில் இருக்கும். ஊரில் அவன் வீட்டுத் திண்ணையில் நான் உட்கார முடியாது. நோட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம், கடனாளிகளாக.

அக்கா வையவும் செய்வார். "மூணு நாளா மூஞ்சியக் காட்டாம அங்கிட்டுச் சுத்திப் போறியாக்கும்? காசு வைக்காம இன்னைக்கு இட்லி கிடையாது." எல்லார் முன்னாலும் வைவார், 'கண்ணாடி'யையும் அதே மாதிரிதான் வைவார். கடனைக் கேட்டு வையப்படுவதில் ஒரு கௌரவம் இருக்கிறது. திருப்பித் தரக்கூடியவன் என்று நம்பித்தானே ஒருத்தனிடம் கேட்கிறோம். பிச்சை போட்டதை யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

இதைவிடப் பெரிய விசயம் ஒன்று இருக்கிறது. ஒருநாள் நான் அக்காவிடம், "என்னக்கா, சால்னா தண்ணியா இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். வாயிலிருந்து வந்ததும் எனக்கே பகீரென்றது. ஏனென்றால் அதற்கு முன்னால் என் வாழ்க்கையில் யார் போட்ட சோற்றையும் நான் குறை சொன்னதில்லை. என் அப்பன் சொன்னதில்லை, தாத்தன் சொன்னதில்லை. பழையதை ஊற்றினால் பழையது, ஊசினதை ஊற்றினால் ஊசினது. விடுதியில் ஒருதரம் பையன்கள் சாம்பாரில் புழு கிடந்ததைக் காட்டியபோது வார்டன், "உங்க வீட்ல இதவிட நல்லாவா திங்கிறீங்க?" என்றார். எல்லாரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்துவிட்டோம். அக்கா என்ன செய்தார் தெரியுமா? "காலேஜு படிக்கிறவுகளுக்கு நாக்கு நீளமாத்தேன் இருக்கு" என்று முனகிக்கொண்டே சட்டியின் அடியிலிருந்து ஒரு கரண்டி கெட்டியாக அள்ளி என் தட்டில் ஊற்றினார். காசு கொடுத்தவனுக்குக் குறை சொல்லும் வாய் உண்டு. விமர்சனம் என்று நாம் இந்தப் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருக்கிறோமே, எனக்கு அதில் முதல் பாடம் அந்தச் சால்னாதான். தானமாக வந்ததை யாரும் விமர்சிக்க முடியாது. இலக்கியத்தையும்தான்.

நம் எழுத்துகளில் இது எப்படி வந்திருக்கிறது? 1992இல் மதுரையிலிருந்து வெளிவந்த பாமாவின் கருக்கில் ஒரு பலகாரப் பொட்டலம் வரும். தெருவில் பெரிய மனுசர் ஒருத்தர் பொட்டலத்தைத் தொடாமல் அதன் நூலை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் நாயக்கருக்குக் கொடுப்பார். பார்க்கிற பிள்ளைக்குச் சிரிப்பு வரும். அண்ணன் விளக்கம் சொன்னபிறகு சிரிப்பு போய்விடும். கடைப் பலகாரம், காசு கொடுத்து வாங்கியது, அதையும் நம் கை தொடக்கூடாது. தமிழ் எழுத்தில் சோற்றைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறவர்கள் அந்த நூலிலிருந்து ஆரம்பிக்கணும். 1994இல் வந்த இமையத்தின் கோவேறு கழுதைகள் இன்னும் சங்கடமான இடத்துக்குப் போகிறது. வண்ணாத்தி ஆரோக்கியம் ராத்திரியில் வீடுவீடாகச் சோறு எடுக்கப் போகிறாள். போடுகிறவர்கள் யார்? நம் தெருக்காரர்கள். நாம் கொடுக்கிற கையாக இருந்த இடத்தில் நம் முகம் எப்படி இருந்தது என்று அந்த நாவல் காட்டியது பலருக்குப் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது. 2005இல் கே.ஏ. குணசேகரனின் வடு வந்தது. இளையான்குடியில் முஸ்லிம்கள் மத்தியில் கிடைத்த மரியாதையையும் சுற்றுக் கிராமங்களில் கிடைத்த அவமானத்தையும் அவர் அக்கம்பக்கமாக வைக்கிறார். சில மைல் தூரத்தில் ஒரு மனுசனின் விலை மாறுவதை அதில் பார்க்கலாம். ஆனால் இவர்களிடமும் ஊரும் தெருவும்தான் அதிகம். டவுனுக்குப் படிக்கவந்த நம் பிள்ளை தன் காசில் தின்ற முதல் இட்லியை யாரும் விஸ்தாரமாக எழுதவில்லை. அவமானத்தை எழுதின அளவுக்கு அவமானம் இல்லாத அரைமணி நேரத்தை நாம் எழுதவில்லை.

வண்டியைச் சொர்க்கமாக்குகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அம்பேத்கர் 1936இலேயே சாதி ஒழிப்பில் சொல்லிவிட்டார், சேர்ந்து தின்பதால் சாதி போகாது என்று. சமபந்தி போஜனம் நடத்தியவர்களைப் பார்த்துத்தான் சொன்னார். வண்டியில் நடப்பது சமபந்திகூட இல்லை. யாரும் யாரோடும் சேர்ந்து தின்பதில்லை, அவரவர் தட்டை அவரவர் பிடித்துக்கொண்டு தனித்தனியாகத் தின்றுவிட்டுப் போகிறோம். சாதி அங்கே ஒழியவில்லை. கேட்க நேரமில்லாமல் இருக்கிறது.

என் பெரியம்மா எங்கள் தெருவில் இட்லி சுட்டு விற்றது. தெருவுக்குள்தான் வியாபாரம், ஊருக்குள் ஒரு இட்லி போகாது. அதன் மகள், எனக்கு அக்கா முறை, மதுரைக்கு வாக்கப்பட்டு வந்து ஒரு கல்லூரிப் பக்கம் வண்டி போட்டது. ராத்திரி பத்து மணிக்குள் மாவு தீர்ந்துவிடும். வண்டியில் மீனாட்சி படம், முருகன் படம், அதற்குப் பூ. நான் ஒருதரம் அம்பேத்கர் படம் ஒன்று சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். வாங்கிப் பத்திரமாகச் சீலையில் சுற்றி வைத்துக்கொண்டு சொன்னது: "வீட்ல மாட்டிக்கிறேன்டா தம்பி. இங்க மாட்டுனா இட்லி ஊசிப் போயிரும்." வண்டியில் நான் கண்ட சமத்துவத்துக்கு அக்கா கட்டின விலை அது. காசு வாங்குகிற கை யார் கை என்று தெரியாதவரைதான் எல்லாரும் வாங்கித் தின்பார்கள். மதுரையில் சாதிப் பேரைப் பெருமையாகப் பலகையில் போட்டுக்கொண்டு நடக்கிற மெஸ்கள் உண்டு. பெரியார் 1957இல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் 'பிராமணாள்' என்ற பேரை அழிக்கச் சொல்லி மறியல் நடத்தினார். அந்தப் பேர் போயிற்று. இடைச்சாதிப் பேர்கள் இருக்கின்றன, அவற்றில் கூட்டமும் இருக்கிறது. பறையர் மெஸ், பள்ளர் மெஸ், சக்கிலியர் மெஸ் என்று ஒரு பலகையை யாராவது பார்த்திருக்கிறீர்களா? சாதிப் பேர் போடுவது தப்பு என்பது வேறு. போட்டால் யாருக்கு வியாபாரம் ஆகும், யாருக்கு ஊசிப்போகும் என்பதில் இருக்கிறது விசயம்.

மாட்டுக்கறி கதையும் இதுதான். கல்லூரி வாசல் வண்டியில் குடல், ஈரல், ரத்தப்பொரியல், தலைக்கறி எல்லாம் கிடைக்கும், ஆட்டுடையது. எங்கள் கறிக்கு நாங்கள் வேறு பக்கம் நடந்துபோவோம். அந்த வண்டியில் பலகையே கிடையாது, மணத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கணும். விடுதிக்குத் திரும்பும்போது என்ன தின்றாய் என்று கேட்டால் "சுக்கா" என்போம், எதன் சுக்கா என்று சொல்லமாட்டோம். 2012இல் ஐதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் தலித் மாணவர்கள் மாட்டுக்கறித் திருவிழா நடத்தியபோது இங்கேயுள்ள முற்போக்குப் பேராசிரியர்கள் சிலரே, சாப்பாட்டில் எதுக்குய்யா அரசியல் என்று கேட்டார்கள். பத்து வருசம் கழித்து 2022 மே மாதம் ஆம்பூரில் அரசாங்கம் பிரியாணித் திருவிழா நடத்தப்போவதாகச் சொல்லி, மாட்டுக்கறிப் பிரியாணியை மட்டும் பட்டியலில் விட்டது. எதிர்ப்பு வந்ததும் திருவிழாவே தள்ளிப்போடப்பட்டது. ஆம்பூர் மாதிரி ஊரிலேயே இது. சாப்பாட்டில் அரசியலைக் கொண்டுவந்தது யார் என்று அந்தப் பேராசிரியர்களுக்கு இப்போதாவது தெரிந்திருக்கும்.

பெண்பிள்ளைகளைப் பற்றி நான் எழுதுகிறவன் இல்லை, அவர்கள்தான் எழுதணும். ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வண்டியில் நிற்கிறது ஒரு பொம்பளை. சுற்றி நின்று தின்கிறது முழுக்க ஆம்பளை. எங்கள் தெருவிலிருந்து படிக்கவந்த பிள்ளை ஒன்று பக்கத்துக் கல்லூரி விடுதியில் இருந்தது. ஆறு மணிக்கு கேட்டைப் பூட்டிவிடுவார்கள், வண்டி பற்றவைக்கிறதே அதற்கப்புறம்தான். நடுவில் யாரையாவது பிடித்துப் பார்சல் வாங்கிவரச் சொல்லும். பொட்டலம் கேட் கம்பிக்கு இடையில் நூலைப் பிடித்துத்தான் உள்ளே போகும்.

ரொம்ப நாள் கழித்து இன்னொன்றும் புரிந்தது. வண்டியின் சமத்துவம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான். 1997 ஜூன் 30ஆம் தேதி மதுரைக்கு வந்து கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்துவிட்டு பஸ்ஸில் ஊர் திரும்பிக்கொண்டிருந்த மேலவளவு பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனையும் மற்றவர்களையும் வழிமறித்து வெட்டினார்கள். ஆறு பேர். அந்தப் பாதையில்தான் நானும் வாராவாரம் ஊருக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். மதுரையில் ஒரே வண்டியில் நின்று தின்ற 'கண்ணாடி'யும் நானும் மேலூர் பஸ்ஸில் ஏறினால் பேசிக்கொள்வதில்லை. யாரும் சொல்லித்தரவில்லை, இரண்டு பேருக்குமே தெரியும்.

அரசாங்கச் சோற்றைப் பற்றியும் பேசணும், ஏனென்றால் இப்போது பேச்செல்லாம் அதுதான். 2013இல் அம்மா உணவகம் வந்தது, இட்லி ஒரு ரூபாய். அந்த ஒரு ரூபாய் அதன் உயிர் என்பேன். சும்மா போட்டிருந்தால் கூச்சப்பட்டு வராதவன் ஒரு ரூபாயை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து தின்றான். (பண்டிதர் 1907இல் பத்திரிகை ஆரம்பித்தபோது அதற்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று விலையையே பேராக வைத்தார். இலவசத் தமிழன் என்று வைக்கவில்லை.) 2022 செப்டம்பர் 15இல் பள்ளிப் பிள்ளைகளுக்கான காலை உணவுத் திட்டத்தை மதுரையில்தான் தொடங்கினார்கள். வரவேற்க வேண்டியதுதான், பசியோடு பாடம் கேட்டவன் எவனும் எதிர்க்கமாட்டான். ஆனால் உரிமையாகத் தரவேண்டியதைத் தருமமாகப் பேசுகிற பழக்கம் நம் மேடைகளை விட்டுப் போகவில்லை. பெயரெல்லாம் தாய், அன்னை, அமுதம் என்றுதான் வரும், ஆபுத்திரன் வாடை. சமைக்கிறவர் நம்மாள் என்றால் கதையே மாறிவிடும். 2018இல் அவிநாசிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சமைக்கக்கூடாது என்று சாதிக்காரர்கள் கூடித் தடுத்தார்கள். 1925 வாக்கில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதிலிருந்து 2018இல் சென்னை ஐ.ஐ.டி. விடுதி மெஸ்ஸில் சைவத்துக்கும் அசைவத்துக்கும் தனித்தனி வாசல் என்று நோட்டீஸ் ஒட்டியது வரைக்கும், படிக்கிற இடத்தில் பந்திதான் முதல் பாடம்.

நம் பிள்ளைகள் தங்கியிருக்கிற ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்கு 2025 ஜூலையில் சமூகநீதி விடுதி என்று பேர் மாற்றினார்கள். பேர் நல்ல பேர். கணக்கைப் பார்ப்போம். கல்லூரி மாணவர் ஒருவருக்கு மாதச் சாப்பாட்டுச் செலவு 1,100 ரூபாயாக இருந்தது. 2023இல் 1,500 ஆக்கினார்கள். முப்பதால் வகுத்தால் ஒரு நாளைக்கு 50 ரூபாய், மூன்று வேளைக்கும். இதுதான் நம் சோற்றுக்கணக்கு. இதைக் கதையாக எழுதினால் யாரும் கண் கலங்கமாட்டார்கள்.

சமீபத்தில் தெப்பக்குளம் பக்கம் போனேன். வண்டிகள் பெருகியிருக்கின்றன. சின்ன லாரியின் பக்கவாட்டை வெட்டி அடுப்பும் விளக்கும் வைத்து 'ஃபுட் டிரக்' என்கிறார்கள், கையேந்தி பவனுக்கு இங்கிலீஷ் பேர் வந்ததும் கிண்டல் போய்விட்டது. மோமோ, ஷவர்மா என்று பலகை. பெண்பிள்ளைகள் நின்று தின்கிறார்கள், அது சந்தோசம். காசைக் கையில் வாங்குவதும் கொடுப்பதும் இல்லை, க்யூஆர் அட்டையைக் காட்டுகிறார்கள், பணம் வந்ததும் பெட்டி சத்தம் போடுகிறது. நோட்டு இல்லை. நான் வண்டிக்காரத் தம்பியிடம் கேட்டேன், "பையங்களுக்கு அக்கவுண்ட் உண்டாப்பா?" அவனுக்கு விளங்கவில்லை. விளக்கிச் சொன்னதும் சிரித்தான். "அதெல்லாம் கட்டுப்படியாகாதுண்ணே. பேலன்ஸ் இருந்தா ஸ்கேன் பண்ணுவாங்க, இல்லாதவங்க வரமாட்டாங்க." ஸ்காலர்ஷிப் இன்றைக்கும் சொன்ன தேதிக்கு வருவதில்லை. பேலன்ஸ் இல்லாத பையன்கள் அந்த வாரத்தில் எங்கே தின்கிறார்கள் என்று அவனிடம் கேட்டேன். பின்னால் மூன்று பேர் நின்றார்கள், அவன் அவர்களுக்குத் தட்டை எடுத்து இலை போட ஆரம்பித்துவிட்டான்.